தயிர்சாதம் கொஞ்சம் காத்திருக்கட்டும்

சென்ற இதழில் ஒரு தாய்க்கு மூன்றே வரியில் பதில் எழுதியிருந்தேன்: "குழந்தைக்கு ஒவ்வாதது மாட்டுப்பால். உங்கள் பால் அல்ல. நிறுத்தாதீர்கள்." அந்த மூன்று வரிக்குக் கட்டுக் கட்டாகக் கடிதங்கள். அதனால் சினிமா, அரசியல், சமையல் கேள்விகளெல்லாம் அடுத்த இதழுக்கு. இந்த முறை பக்கம் முழுக்கக் கைக்குழந்தைகளுக்கும் அவர்களைத் தூக்கிக்கொண்டு தூக்கமில்லாமல் நடப்பவர்களுக்கும்.

பெற்ற தாயின் பாலே பிள்ளைக்கு ஆகாமல் போகுமா அக்கா? எங்கள் தெருவே அப்படித்தான் சொல்கிறது.
— புது அம்மா, விருதுநகர்

தெரு சொல்வது தவறு. உங்கள் பாலில் உங்கள் உடம்பு சுரக்கிற புரதம் குழந்தைக்கு உறவுக்காரர். தகராறு கூட வந்த விருந்தாளியால். காலையில் குடித்த காபி, மத்தியானம் பிசைந்த தயிர் இவற்றிலுள்ள மாட்டுப்பால் புரதத்தில் துளியிலும் துளி, செரிமானத்துக்குத் தப்பி, ரத்தத்தில் கலந்து, மார்புவரை வந்துவிடுகிறது. ஒரு மில்லி தாய்ப்பாலில் அது நானோகிராம் கணக்கில்தான் இருக்கும். ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு ஒரு நானோகிராம். பீட்டா லாக்டோகுளோபுலின் என்றொரு புரதம் மாட்டுப்பாலில் உண்டு, மனிதப் பாலில் இயல்பாகக் கிடையாது. சில குழந்தைகளின் உடம்பு அதைத் திருடன் என்று நினைத்துக் கூச்சல் போடுகிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 200-க்கு ஒன்றுக்குத்தான் இப்படி. விருந்தாளியை வெளியே அனுப்பினால் போதும், வீட்டைப் பூட்ட வேண்டாம்.

மருந்துக்கடையில் 'லாக்டோஸ் இல்லாத' பால்மாவு கொடுத்தார்கள். அலர்ஜிக்கு அதுதானே மாற்று?
— ஓர் அப்பா, ஓசூர்

இல்லை தம்பி. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லாக்டோஸ் பாலில் இருக்கிற சர்க்கரை. அலர்ஜி வருவது பாலில் இருக்கிற புரதத்தால். அந்த டின்னில் சர்க்கரையை மட்டும் எடுத்துவிட்டு மாட்டுப்பால் புரதத்தை அப்படியே வைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, மாட்டுப்பாலில் 5 கிராம்கூட இல்லை. உங்கள் மனைவி ஒரு வருடம் பால் வாசனையே பார்க்காவிட்டாலும் அந்த 7 கிராம் குறையாது, ஏனென்றால் அதை மார்பே தயாரிக்கிறது. லாக்டோஸைச் செரிக்கவே முடியாமல் பிறக்கும் குழந்தை மிக மிக அபூர்வம். பால் குடித்தால் வயிறு உப்புகிற பெரியவர்களின் கதை வேறு, கைக்குழந்தையின் கதை வேறு.

ஐந்து வாரப் பெண் குழந்தை. நேற்று மலத்தில் சளியும் நூல் நூலாக ரத்தமும். குழந்தை சிரிக்கிறாள், நன்றாகக் குடிக்கிறாள். எனக்குத்தான் கை கால் ஓடவில்லை. இது பால் அலர்ஜியா?
— வேலூர் வாசகி

இருக்கலாம். பால் அலர்ஜியில் இரண்டு வகை. ஒன்று அவசரக்காரன். பால் உள்ளே போன சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இழுப்பு என்று வந்து நிற்பான். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளையிடம் இவன் அபூர்வம். டின் பாலோ தயிரோ முதன்முதலாக நேரே வாயில் வைத்த அன்றுதான் பெரும்பாலும் தலைகாட்டுவான். மூச்சுத் திணறினாலோ, பிள்ளை துவண்டு போனாலோ யோசிக்காமல் 108.

மற்றவன் நிதானக்காரன். மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்து வருவான். பிறந்து சில வாரங்களில், எடை நன்றாக ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளையின் மலத்தில் சளியோடு ரத்தக் கோடு காட்டுவான். நீங்கள் எழுதியிருப்பது இவன் முகஜாடைதான். சில பிள்ளைகளுக்குத் தீராத கரப்பான், அடிக்கடி வாந்தி, எடை ஏறாமை என்றும் வருவதுண்டு.

ஆனால் ரத்தம் என்றாலே அலர்ஜி என்று நாமாகத் தீர்ப்பு எழுதக்கூடாது. ஆசனவாயில் சின்ன வெடிப்பு இருந்தாலும் ரத்தம் வரும், குடலில் கிருமித் தொற்று இருந்தாலும் வரும். உங்கள் காம்பு வெடித்து அந்த ரத்தத்தைப் பிள்ளை விழுங்கியிருந்தாலும் வரும். குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, மலம் சிவப்பு ஜெல்லி போல வந்தால் குடல் செருகியிருக்கலாம். பச்சை நிற வாந்தி, உப்பிய வயிறு, காய்ச்சல், பால் மறுப்பு, இவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இவை எதுவும் இல்லையென்றால் நாளைக் காலை குழந்தை மருத்துவரிடம் போங்கள். ரத்தம் பட்ட துணியைக் கையோடு எடுத்துப் போங்கள், அல்லது போனில் படம் பிடித்துக் காட்டுங்கள். 'கொஞ்சம் ரத்தம்' என்று நாம் வாயால் சொல்வதைவிட அந்தத் துணி தெளிவாகப் பேசும்.

போகும் வழியிலும் பால் கொடுங்கள்.

என் குழந்தைக்குப் பச்சையாகப் போகிறது. அலர்ஜியா?
— கும்பகோணம்

பச்சை நிறம் மட்டும் இருந்தால் இல்லை. மஞ்சள், பச்சை, விதை விதையாக, ஒரு நாளைக்கு எட்டு முறை, நான்கு நாளைக்கு ஒரு முறை, எல்லாமே தாய்ப்பால் குழந்தையின் வழக்கம்தான். பச்சையோடு சளியும் ரத்தமும் சேர்ந்தால் எழுதுங்கள். எழுதும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

எங்கள் காலத்தில் இதை மாந்தம் என்போம். வசம்பைச் சுட்டு, ஜாதிக்காய், மாசிக்காயோடு உரைத்து நாக்கில் தடவினால் சரியாகிவிடும். இப்போது என் பேத்திக்கு அதைச் செய்யவிடாமல் மருமகள் தடுக்கிறாள். பிள்ளை வளர்ப்பான் என்று பேர் பெற்ற மருந்து அது, தெரியுமா?
— ஒரு பாட்டி, காரைக்குடி

தெரியும் பாட்டி. ராத்திரியில் அதன் பேரைச் சொல்லாமல் 'பேர் சொல்லாதது' என்று கேட்டு வாங்குகிற வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். அந்த உரைகல்லுக்குப் பின்னால் இருக்கிற அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் மருமகள் பக்கம் நிற்கிறேன். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலும் மருத்துவர் சொன்ன சொட்டு மருந்தும் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக்கூடாது. ஏற்கெனவே புண்பட்டிருக்கிற குடல் அது. உரைகல்லில் எத்தனை முறை இழைத்தோம் என்று அளவும் கிடையாது, கல்லில் ஒட்டியிருக்கிற கிருமியும் கண்ணுக்குத் தெரியாது.

உங்கள் கைவைத்தியம் இன்னோர் இடத்தில் அவசரமாகத் தேவைப்படுகிறது. பாலும் தயிரும் நெய்யும் இல்லாமல் பிள்ளை பெற்றவளுக்கு மூன்று வேளை ருசியாகச் சமைக்க இந்த வீட்டில் உங்களைவிட யாருக்குத் தெரியும்? பூண்டை நல்லெண்ணெயில் வதக்குங்கள், முருங்கைக்கீரைப் பொரியலில் தேங்காயைத் தாராளமாகப் போடுங்கள். பேத்தியின் வயிற்றுக்கு மருந்து மருமகளின் தட்டில் இருக்கிறது, அந்தத் தட்டு உங்கள் கையில் இருக்கிறது.

'பால் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் நிறுத்துங்கள்' என்று மருத்துவர் ஒரே வரியில் அனுப்பிவிட்டார். எல்லாம் என்றால் எதெல்லாம்?
— இளம் தாய், தாம்பரம்

காலையிலிருந்து தொடங்குவோம். காபி, டீயில் பால் கிடையாது. கருப்பட்டிக் காபி, சுக்குக் காபி, பால் விடாத டீ எல்லாம் குடிக்கலாம், காபி டீயை மட்டும் அளவோடு. ஹார்லிக்ஸ், பூஸ்ட் வகையறாவைத் தண்ணீரில் கலந்தாலும் வேண்டாம், அந்தப் பொடியிலேயே பால் இருக்கும். இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம் எதற்கும் தடையில்லை. வீட்டில் செய்தால் தடையில்லை என்று திருத்திக்கொள்கிறேன். ஓட்டலில் தோசைமேல் ஒரு கரண்டி நெய்யோ வெண்ணெயோ கேட்காமலே விழும், பொங்கல் நெய்யிலேயே நீந்தும்.

மத்தியானம் தயிர், மோர், மோர்க்குழம்பு, பனீர் வேண்டாம். எல்லோரும் மறப்பது மோர்மிளகாய். மோரில் ஊறித்தான் அது காய்ந்திருக்கிறது. ரசத்தை நெய்யில் தாளிக்கிற வீடு என்றால் எண்ணெய்க்கு மாறுங்கள். பிரியாணிக்கும் தந்தூரிக்கும் கறியைத் தயிரில் ஊறவைப்பார்கள். சில கடைகளில் பரோட்டா மாவிலும் பால் சேரும். சாயந்திரம் பிஸ்கட், ரஸ்க், பன், கேக், சாக்லேட் எல்லாவற்றிலும் பாலுக்கு இடமுண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்தில் நெய் இருக்கிறது, கண்ணில் ஒற்றிக்கொண்டு கணவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பாக்கெட்டில் வருவதற்கெல்லாம் ஒரு வழி இருக்கிறது. பால் கலந்திருந்தால் அதை ஒவ்வாமைப் பொருள் என்று உறையில் தனியாக அச்சிட வேண்டும், இது நம் நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறையின் விதி. பொருள்களின் பட்டியலில் கேசீன், வே, மில்க் சாலிட்ஸ் என்று எந்தப் பேரில் வந்தாலும் ஆள் ஒருவர்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு நல்ல சேதியும் சொல்ல வேண்டும். நம் அடுப்படி பாலை நம்பிப் பிழைப்பதல்ல. சாம்பார், கூட்டு, பொரியல், புளிக்குழம்பு, மீன்குழம்பு, சுண்டல், புட்டு, அடை, திருநெல்வேலிச் சொதி, இவற்றில் ஒன்றுக்கும் பால் வேண்டாம். வெண்ணெயும் சீஸும் இல்லாமல் ஒரு வேளை நகராத ஊர்களில் தாய்மார்கள் படுகிற பாட்டோடு பார்த்தால், நாம் இழப்பது முக்கியமாகக் காபியின் நிறத்தையும் தயிர்சாதத்தையும்தான். தயிர்சாதம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

நெய்யில் புரதமே இல்லை, வெறும் கொழுப்புதான் என்கிறார் என் மாமா. பிரசவ லேகியம் சாப்பிடலாமா?
— தஞ்சாவூர்

உங்கள் மாமா முக்கால்வாசி சரி. நெய்யில் புரதம் மிகக் குறைவு, ஆனால் முற்றிலும் இல்லாமலில்லை. அலர்ஜிதானா என்று சோதிக்கப் பாலை நிறுத்துகிற சில வாரங்களில் நெய்யும் நெய்விட்டுக் கிளறிய லேகியமும் வேண்டாம். பிள்ளை தேறிய பிறகு, முதலில் திரும்பச் சேர்த்துப் பார்க்கக் கூடியதும் நெய்தான்.

பால் சுறாப் புட்டு?
— ராமேஸ்வரம்

தாராளமாக. பேரில்தான் பால். தேங்காய்ப்பாலுக்கும் இதே பதில்.

விடியக் காலையில பால்மா போட்ட தேத்தண்ணி இல்லாட்டி எனக்குத் தலையிடிக்கும். மூன்று மாதப் பிள்ளைக்குப் பால் ஒத்துவரவில்லை எண்டு டொக்டர் சொல்லிவிட்டார். பிளேன்டீ மட்டும்தானா கதி?
— வவுனியா

தங்கச்சி, பால்மா என்பது மாட்டுப்பாலைக் காயவைத்த பொடி. ஆகவே அதற்கும் விடுமுறை. பிளேன்டீக்கு இஞ்சி தட்டிப் போட்டு, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்துப் பாருங்கள். உங்கள் சொதியும் சம்பலும் பத்தியக் கறியும் தேங்காயை நம்பியவை, அவை எல்லாம் அப்படியே தொடரலாம். சோயாப் பாலுக்கு மாறலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மாட்டுப்பால் ஒவ்வாத குழந்தைகளில் சிலருக்குச் சோயாவும் ஒவ்வாது. டொக்டரைக் கேட்காமல் அதைத் தொடங்க வேண்டாம்.

மாட்டுப்பால் ஆகாதென்றால் ஆட்டுப்பால் கொடுக்கலாமே? எங்கள் தெருவுக்கு வாரா வாரம் கழுதைப்பால்காரரும் வருகிறார். சங்கு ஒன்றுக்கு விலை வைத்து அப்போதே கறந்து ஊற்றுகிறார்.
— ஒரு தாத்தா, திருவண்ணாமலை

ஐயா, ஆடும் மாடும் எருமையும் பாலில் பங்காளிகள். மாட்டுப்பால் ஒவ்வாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஆட்டுப்பாலும் ஒவ்வாது, எருமைப்பாலும் அப்படியே. பேரக்குழந்தைக்கும் வேண்டாம், மருமகளின் டம்ளருக்கும் வேண்டாம்.

கழுதைப்பாலின் புரதம் கொஞ்சம் தள்ளிய உறவு என்பது உண்மை. இத்தாலியில் மாட்டுப்பால் ஒவ்வாத குழந்தைகளுக்குக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள், பலர் தாங்கிக்கொண்டார்கள். ஆனால் அங்கே அது பதப்படுத்தி, கொழுப்பு போதாமையை ஈடுகட்டி, மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்தது. உங்கள் தெருவில் அது காய்ச்சாத பால், கழுவாத சங்கு. அந்தச் சங்கு வாசலுக்கு வாசல் எத்தனை வாய் பார்த்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். வாசலில் தாயிருக்க, சங்கைத் தேட வேண்டாம்.

நாங்கள் சுத்த சைவம். பாலையும் நிறுத்திவிட்டால் எனக்குச் சத்து எங்கிருந்து வரும்? பல் எல்லாம் கொட்டிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
— மயிலாப்பூர்

பல் கொட்டாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். இதை மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்களே நினைவூட்டுங்கள்.

பாலூட்டும் தாய்க்கு நம் நாட்டுக் கணக்குப்படி ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, முருங்கைக்கீரையில் 300-க்கு மேல், எள்ளில் 1,000-க்கும் மேல். காலையில் கேழ்வரகுக் கூழோ அடையோ, மத்தியானம் கீரை, சாயந்திரம் ஓர் எள்ளுருண்டை என்று வையுங்கள். பாலக் கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை இறுகப் பிடித்துக்கொண்டு உடம்புக்கு விடாது. உணவு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். பிரசவத்துக்குப் பின் 6 மாதம்வரை தினம் இரண்டு கால்சியம் மாத்திரை என்பது அரசு சுகாதாரத் திட்டத்திலேயே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம், கூடவே வைட்டமின் டி. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள், ஒன்று மற்றதைத் தடுக்கும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம். முட்டை, மீன், கறி தொடாத வீட்டில் வைட்டமின் பி12 வருகிற ஒரே வாசல் பாலும் தயிரும்தான். அந்த வாசலை அடைத்துவிட்டு வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் உங்கள் பாலிலும் பி12 குறையும். மாதக்கணக்கில் குறைந்தால் குழந்தை வெளிறிப்போகும், கை நடுங்கும், கற்றுக்கொண்ட சிரிப்பையும் தலை நிமிர்த்தலையும்கூட மறக்கும். நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சைவத் தாய்மார்களின் பிள்ளைகளிடம் இதைப் பல காலமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். தடுப்பது சுலபம்: பாலை நிறுத்துகிற அன்றே பி12 மாத்திரையைத் தொடங்கக் கேளுங்கள்.

கூடவே துவரம்பருப்பு, கடலை, கத்திரிக்காய் என்று ஊரார் சொன்னதையெல்லாம் நிறுத்தாதீர்கள். பாலோடு நின்றுகொள்ளுங்கள். வெறும் ரசச்சோற்றில் வாடுகிற தாய்மார்களின் கடிதங்கள் இந்தக் கட்டில் எட்டு இருக்கின்றன. அந்த எட்டுப் பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இன்றைக்குச் சாம்பார் ஊற்றிச் சாப்பிடுங்கள்.

பாலை நிறுத்திப் பத்து நாளில் ரத்தம் நின்றுவிட்டது. இப்போது 'திரும்பப் பால் குடித்துப் பாருங்கள்' என்கிறார் மருத்துவர். நல்லாகிவிட்ட குழந்தையை ஏன் சோதிக்க வேண்டும்? எனக்கு மனசே வரவில்லை.
— ஈரோடு

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், அவர் மிகச் சரியாகச் செய்கிறார். இந்த நிதானக்கார அலர்ஜிக்கு ரத்தப் பரிசோதனை உதவாது, தோலில் குத்திப் பார்க்கிற பரிசோதனையும் உதவாது. 2 முதல் 4 வாரம் நிறுத்திப் பார், பிறகு சேர்த்துப் பார், இதுதான் இதற்கு இருக்கிற ஒரே பரிசோதனை. நிறுத்தியது பாதிப் பரிசோதனை, சேர்ப்பது மீதிப் பாதி.

குழந்தையின் பல தொல்லைகள் நாளாக ஆகத் தானாகவே அடங்கும். லேசான ரத்தக் கோடும் சில குழந்தைகளிடம் எதையும் நிறுத்தாமலே மறைவதுண்டு. அந்த நேரம் பார்த்து நீங்களும் பாலை நிறுத்தியிருந்தால் பெருமை பாலை நிறுத்தியதற்குப் போய்விடும். பிறகு காரணமே இல்லாமல் ஒரு வருடம் நீங்களும் பத்தியம், அடுத்து குழந்தையும் பத்தியம். சேர்த்துப் பார்த்து ஒன்றும் வரவில்லையென்றால் அன்று ராத்திரியே உங்களுக்குத் தயிர்சாதம். ரத்தம் திரும்பினால் மறுபடி நிறுத்துங்கள், சில நாளில் அடங்கிவிடும், இனி சந்தேகத்துக்கு இடமிருக்காது.

ஓர் எச்சரிக்கை. உடனே தடிப்பு, வீக்கம், மூச்சிரைப்பு என்று வந்த குழந்தைக்கு இந்தச் சோதனையை வீட்டில் செய்யக்கூடாது. அது மருத்துவமனையில் மட்டும்.

நான் குழந்தைகள் வார்டில் செவிலியர். இப்போதெல்லாம் அழுதால் பால் அலர்ஜி, கக்கினால் பால் அலர்ஜி, முகத்தில் பொரிந்தால் பால் அலர்ஜி. இவ்வளவு பேருக்கா இருக்கும்?
— திருச்சி

இவ்வளவு பேருக்கு இல்லை. நீங்கள் கண்ணால் பார்த்ததை இங்கிலாந்தின் மருந்துச் சீட்டுக் கணக்கே சொல்கிறது. பால் அலர்ஜிக்கான சிறப்புப் பால்மாவுக்கு அங்கே 2006-இல் எழுதிய சீட்டுகள் சுமார் 1 லட்சத்து 5 ஆயிரம். 2016-இல் அது 6 லட்சத்தைத் தாண்டியது. பத்தே வருடத்தில் குழந்தைகளின் உடம்பு அப்படி மாறிவிடாது. அலர்ஜியைக் கண்டுபிடிக்க வழிகாட்டி எழுதிய நிபுணர்களில் பலருக்குப் பால்மாவு நிறுவனங்களோடு பணத் தொடர்பு இருந்ததை 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது.

நம் நாட்டில் டின் பாலை விளம்பரம் செய்யத் தடைபோட்டு 1992-இலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் பொதுமக்களின் கண்ணுக்கு எட்டாத இடங்களில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும், உங்கள் வார்டும் அதில் ஒன்று.

ஆறாவது வாரத்தில் சாயந்திரமானால் அழுகிற குழந்தை பெரும்பாலும் ஆரோக்கியமான குழந்தை. மூன்று நான்கு மாதத்தில் அந்த அழுகை ஓய்ந்துவிடும். குடித்ததும் ஒரு வாய் கக்கிவிட்டுச் சிரிக்கிற பிள்ளைக்கு மருந்து, தோளில் ஒரு துண்டு. நீங்கள் வார்டில் இருப்பவர். பயந்து வருகிற தாயிடம் எடை அட்டையை எடுத்துக் காட்டி 'ஏறுகிறது பாருங்கள்' என்று சொல்ல உங்களால் முடியும். அந்த ஒரு வாக்கியம் எத்தனை டின்னைத் தடுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பிரசவமான அன்று 'அம்மா தூங்கட்டும்' என்று ஒரு ராத்திரி மட்டும் டின் பால் கொடுத்தார்கள். அதனாலா இது?
— சேலம்

அதனால்தான் என்று உங்கள் குழந்தையைப் பற்றி யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் டென்மார்க்கில் 1985-இல் பிறந்த 1,749 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 39 பேருக்குப் பால் அலர்ஜி உறுதியானது. அவர்களில் 9 பேர், தாய்ப்பால் மட்டுமே குடித்த காலத்தில் அலர்ஜி வந்தவர்கள். மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டினால் அந்த 9 பேருக்கும் பிறந்த முதல் மூன்று நாளுக்குள் மாட்டுப்பால் கலவை புகட்டப்பட்டிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை குறைந்த குழந்தை, எடை மிகக் குறைந்த குழந்தை என்று மருத்துவக் காரணம் இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். அம்மா தூங்க வேண்டுமென்றால், சீம்பால் குடித்த பிள்ளையை அப்பாவின் நெஞ்சில் கிடத்தினால் போதும். உங்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் 'தாய்ப்பாலை உடனே நிறுத்து' என்று சொன்னார்கள். நிறுத்திவிட்டேன். டின் பாலில் ரத்தம் அதிகமானதுதான் மிச்சம். இப்போது மார்பும் வற்றிவிட்டது. எல்லாம் முடிந்துவிட்டதா?
— பெயர் வேண்டாம், தேனி

முடியவில்லை. இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

என் இரண்டாவது மகனுக்கு ஏழு வாரம். ரத்தத்தைப் பார்த்துப் பதறிப்போய் ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். 'உன் பால் ஆகவில்லை, நிறுத்து' என்று ஒரே வார்த்தை. சாதாரண டின் பாலை எழுதிக் கொடுத்தார்கள். அதில் இருந்தது முழுக்க மாட்டுப்பால் என்று எனக்கு அன்று தெரியாது. ஒன்பது நாள். மார்பைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, பிள்ளை என் வாசனைக்கு முகத்தைத் திருப்பும்போதெல்லாம் அடுத்த அறைக்குப் போய் அழுதேன். ரத்தம் கூடிக்கொண்டே போனது. பத்தாம் நாள் வேறொரு மருத்துவர் டின்னின் பின்புறத்தை எனக்குப் படித்துக் காட்டினார். பிறகு, 'இப்போதே மடியில் போட்டுக்கொள்ளுங்கள்' என்றார். அவர் அறையிலேயே, வற்றிய மார்பில், அவன் பிடித்துக்கொண்டான்.

நீங்களும் அப்படித்தான் தொடங்க வேண்டும். பகலும் இரவுமாக எட்டு முதல் பத்து முறை குழந்தையைச் சப்ப விடுங்கள். சப்ப மறுத்தால் அதே நேரங்களில் கையால் பீய்ச்சுங்கள். உங்கள் நெஞ்சோடு தோலுக்குத் தோல் ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் ஒன்றும் பெரிய இடைவெளி அல்ல, குழந்தையின் வாய் கேட்டால் மார்பு பதில் சொல்லும். சொட்டு சொட்டாக வரும், பிறகு ஊறும். அதுவரை பசிக்கு, புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துத் தயாரித்த சிறப்புப் பால்மாவை மருத்துவர் எழுதித் தருவார். விலை பல மடங்கு, ஆனால் இந்தக் குழந்தைக்கு மருந்து அது. பாட்டிலில் வேண்டாம், பாலாடையில் புகட்டுங்கள். கூடவே உங்கள் சாப்பாட்டில் பாலை இன்றே நிறுத்துங்கள். தாய்ப்பால் ஆலோசகர் இருக்கிற மருத்துவமனை எது என்று விசாரித்து அங்கே போங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஒரு ஆள் வேண்டும் உங்களுக்கு.

முழுவதும் திரும்பாமல் பாதிதான் திரும்பினாலும் அந்தப் பாதியைக் கொடுங்கள். அதுவும் வரவில்லையென்றாலும் நீங்கள் தோற்றவர் இல்லை. தவறான பேச்சை நம்பச் செய்தார்கள், நம்பினீர்கள், பிள்ளைக்காக. அடுத்த மாதம் கட்டாயம் எழுதுங்கள். உங்கள் கடிதத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

கணவனாக நான் என்ன செய்ய முடியும்?
— கோயம்புத்தூர்

வீட்டில் உங்களுக்கும் பால் இல்லாத காபியே போடச் சொல்லுங்கள். சொல்வதென்ன, நீங்களே போடுங்கள், இரண்டு டம்ளராக.

ஆயுசுக்கும் என் பிள்ளை பால்கோவா சாப்பிட முடியாதா?
— ஸ்ரீவில்லிபுத்தூர்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதில் நியாயம் இருக்கிறது. சாப்பிடுவான். மேலே சொன்ன அந்த 39 டென்மார்க் குழந்தைகளில் ஒரு வயதில் 56 சதவீதத்துக்கும், இரண்டு வயதில் 77 சதவீதத்துக்கும், மூன்று வயதில் 87 சதவீதத்துக்கும் பால் ஒத்துக்கொண்டுவிட்டது. நிதானக்கார வகையில் தேறுவது இன்னும் சீக்கிரம். ஒன்பது மாதம் முதல் ஒரு வயதுக்குள் மருத்துவரே மறுபடி முயலச் சொல்வார். நேரே டம்ளர் பாலில் தொடங்க மாட்டார். பால் சேர்த்து நன்றாகச் சுட்ட பிஸ்கட்டில் ஒரு துணுக்கு, பிறகு கேக், பிறகு தயிர், கடைசியில் பால் என்று படிப்படியாகப் போகும். அடுப்பின் சூட்டில், மாவோடு சேர்ந்து வேகும்போது, பால் புரதத்தின் உருவம் குலைகிறது. அதனால் உடம்புக்கு அது அவ்வளவு எளிதில் அடையாளம் தெரிவதில்லை. அந்தப் படிகளின் உச்சியில் உங்கள் ஊர்ப் பால்கோவா இருக்கிறது.

ஆறு மாதம் முடிகிறது. குலதெய்வம் கோயிலில் சோறூட்டுகிறோம். பால் பாயசத்தில் நுனிவிரலால் தொட்டு நாக்கில் வைப்பது எங்கள் வழக்கம். ஒரு தொடல்தானே, வைக்கலாமா?
— நாகர்கோவில்

வேண்டாம் அம்மா, ஒரு தொடல்கூட. தாய்ப்பால் வழியாக நானோகிராமில் வந்ததற்கே கூச்சல் போட்ட குடல் அது. அன்றைக்குக் கடலைப்பருப்பும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்து உங்கள் ஊர்ப் பாயசமே வைக்கச் சொல்லுங்கள், தெய்வத்துக்கும் அது புதிதல்ல. பிள்ளைக்குக் குழைந்த சோறும் பருப்பும் போதும், நுனிவிரல் தொடலுக்கு மட்டும் இந்தப் பாயசம். முந்திரியை நெய்யில் வறுக்காமல் தேங்காய் எண்ணெயில் வறுக்க வேண்டும் என்று முதல் நாளே மடப்பள்ளியில் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் கை பழக்கத்தில் நெய்க்குத்தான் போகும்.